இறங்கி உருட்டிற இடம்

பின்னேரம் ஆறே கால் இருக்கும். மம்மல் பொழுது. பண்ணைப் பாலத்தால தீவுக்கு வாற றோட்டு... ரெண்டு பக்கமும் கடல், நடுவில தார். ஊரடங்குக்குப் பயந்து சனமெல்லாம் வேளைக்கே வீட்டுக்குள்ள போயிட்டுதுகள். அந்த நீட்டு றோட்டில ஒரேயொரு மோட்டச்சைக்கிள்தான் வருகுது. இது என்ர சிநேகிதன்ர அத்தானுக்கு நடந்தது. அந்தக் கதவைச் சாத்திப்போட்டுக் கேளுங்கோ.

அத்தான்ர பேர் ஜெயரூபன். வேலணை ஆள். சமாதான காலத்தில, கொழும்புப் பாதை திறந்த புளுகத்தில, அந்தச் சந்தோசத்தில, கொழும்பில ஒரு பெரிய யப்பான் மோட்டச்சைக்கிள் வாங்கினவன். எண்ணூறு சிசி. முன்னுக்குக் காத்தை மறிக்கக் கண்ணாடி, ரெண்டு பக்கமும் உடுப்புப் பெட்டி. வேகமாவும் ஓடலாம், முதுகு நோகாமல் நாள் முழுக்கவும் ஓடலாம். நாடு நாடாச் சுத்துறவங்களுக்கெண்டு செய்த சாமான். எங்கட தீவில கொஞ்சம் இறுக்கி முறுக்கினால் கடலுக்கைதான் போய் நிக்கவேணும். அரசாங்கத்தில எப்பிடிப் பதிஞ்சவனெண்டு என்னைக் கேக்காதேங்கோ. விசர்தான், வேற என்ன.

ஆனா ஒருக்கா, ஒரேயொருக்கா, கொழும்பிலயிருந்து அதிலயே வந்தவன். பின்னுக்கு அவன்ர கூட்டாளி டினேஷ். அல்லைப்பிட்டிப் பொடியன், கடல் தொழில். அனுராதபுரம் தாண்டின நேர் றோட்டில ஆறாம் கியர் போட்டதை ரெண்டு பேரும் வருசக்கணக்காக் கதைச்சுக்கொண்டு திரிஞ்சவங்கள்.

பிறகு திரும்பச் சண்டை துவங்கி, பாதையைப் பூட்டினாங்கள். பெற்றோல் அளந்துதான் தந்தாங்கள். அதோட நேவிச் சென்றி, அதுதான் காவலரண், ஒவ்வொண்டுக்கும் முன்னால எஞ்சினை நிப்பாட்டி, லைற்றை நூத்து, இறங்கி உருட்டவேணும். சின்னச் சைக்கிள் வச்சிருக்கிறவன் ஒரு கையால உருட்டிக்கொண்டு போவான். இது இருநூற்றைம்பது கிலோ. பாதையோ மண்மூட்டை அடுக்கி வளைச்சு வளைச்சு விட்டது, குதிக்கால் புதையிற மணல். ஜெயரூபன் ஹாண்டிலைப் பிடிக்க, டினேஷ் பின்னால தள்ளுவான். "மச்சான், இந்த எருமையை வித்துப்போட்டு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கடா" எண்டு ஒவ்வொரு சென்றியிலயும் சொல்லுவான்.

அந்த டினேஷைத்தான் ஒரு நாள் காணேல்லை. கடைக்குப் போனவன்... வரேல்லை. ஆர் கொண்டு போனது, எங்க கொண்டு போனது, ஒண்டும் தெரியாது.

தாய் மாக்கிறேற்றுக்கு அவன் ஒரே பிள்ளை. மாதா கோயில் சாமியார் மெல்லமாக் கேட்டவர், அவன்ர ஆன்மாவுக்கு ஒரு பூசை ஒப்புக்குடுப்பமோ எண்டு. மனிசி எழும்பி வெளியில போயிட்டுது. கிழமைக்குக் கிழமை யாழ்ப்பாணம் போய், கேக்கிற இடமெல்லாம் கேக்கும். ஜெயரூபன்தான் ஏத்தி இறக்கிறவன். வேற என்னத்தைச் செய்வான், பாவி.

அண்டைக்கும் ஒண்டும் தெரியாமல்தான் ரெண்டு பேரும் திரும்பி வருகினம். அல்லைப்பிட்டிக்குக் கிட்டச் சென்றி. எஞ்சினை நிப்பாட்டினான். நிப்பாட்டினாலும் சூட்டுக்கு உள்ளுக்க ஒரு ஃபான் சுத்திக்கொண்டிருக்கும்... ர்ர்ர்ர்... எரிஞ்ச ஒயில் மணம். மாக்கிறேற் இறங்கி முன்னால நடந்தவ. இவன் மூச்சைப் பிடிச்சுத் தள்ளினான்.

பாரமே இல்லை.

மணலுக்குள்ளால, வளைவுக்குள்ளால... வழுக்கிக்கொண்டு போகுது. அப்ப ஃபான் நிண்டுது. அது நிக்கத்தான் மற்றச் சத்தம் கேட்டது. பின்னால... செருப்பு மணலில அரையிற சத்தம். ஒரு இழுவை... பிறகு ஒரு இழுவை. ஆரோ மூச்சு வாங்கினதும் கேட்டது. ஜெயரூபன் திரும்பேல்லை. பயமில்லையாம். திரும்பினால் பின்னால தள்ளுற அந்தக் கை எடுபட்டிடும் எண்டு நினைச்சவனாம். அழுகைதான் வந்ததாம்.

சென்றியில நிண்டது மீசை முளைக்காத ஒரு நேவிக்காரன். ஜெயரூபன்ர அடையாள அட்டையைப் பாத்தான். மாக்கிறேற்ர அட்டையைப் பாத்தான். பிறகு டோர்ச்சை மோட்டச்சைக்கிளுக்குப் பின்னால அடிச்சான்.

"மத்த ஆள் ஐசி?"

ஜெயரூபன் தங்கட ரெண்டு அட்டையையும் திரும்ப நீட்டினான்.

"மூணு பேர் ஏற ஏலா. அந்த ஆள் ஐசி எங்க?"

மாக்கிறேற்தான் அசைஞ்சவ. சட்டைக்குள்ள கையை விட்டு, லேஞ்சித் துண்டில சுத்தின ஒரு அட்டையை எடுத்து நீட்டினவ. டினேஷின்ர அட்டை. காணாமல் போன அண்டைக்கு மேசையில மறந்து விட்டிட்டுப் போனது. அட்டை இல்லாமல் இந்த ஊரில ஒருத்தன் எத்தினை நாளைக்குத் திரியிறது, அதை எடுக்கவெண்டாலும் வருவான்... அந்த ஒரு நினைப்பிலதான் மனிசி இவ்வளவு நாளும் சீவிச்சது.

நேவிக்காரன் அட்டையைப் பாத்தான். நிமிந்து பின்னால பாத்தான். திரும்பவும் அட்டையை. முகம் சரி போல... தலையை ஆட்டினான்.

அட்டையைத் திருப்பிக் குடுத்தான். மாக்கிறேற்றிட்ட இல்லை. அவவைத் தாண்டிக் கையை நீட்டினான், மோட்டச்சைக்கிளுக்குப் பின்னால, ஒரு ஆளின்ர நெஞ்சு உயரத்துக்கு. நீட்டி... விட்டான்.

அட்டை கீழ விழேல்லை.

"சரி, போ" எண்டிட்டு அவன் தன்ர பாட்டில மண்மூட்டைக்குப் பின்னால போயிட்டான். ஜெயரூபன் தள்ளிப் பாத்தான். அசையேல்லை. பாரம் முழுக்கத் திரும்பி வந்திட்டுது. குனிஞ்சு மணலெல்லாம் தடவினான்... ஒண்டும் இல்லை. மாக்கிறேற் தேடேல்லை. பின்னால வந்து, பெட்டியில ரெண்டு கையையும் வச்சுத் தள்ளத் துவங்கினவ.

"அவன் வந்து எடுத்திட்டான், தம்பி" எண்டு சொன்னவ. "இனி அவனுக்கு இங்க ஒரு அலுவலும் இல்லை."