இரண்டாவது விசிறி

வீடு கட்டுகிறவர்கள் தரைக்கு மேலே என்ன ஓடு பதிக்கலாம் என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். தரைக்குக் கீழே என்ன நிரப்பப்படுகிறது என்று கேட்பவர்கள் மிகவும் குறைவு. இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஐயா. கண்ணுக்குத் தெரியாதவற்றைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பதற்காகத்தானே எங்களைப் போன்ற பொறியாளர்களை வைத்துக்கொள்கிறார்கள்.

தங்கள் கேள்விக்கு நேராக வராமல் சுற்றி வளைப்பதாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டும். எனக்கு இதில் பழக்கமில்லை. முதலீட்டு ஆலோசகரின் வீட்டு நிலவறையில் கதிர்வீச்சுக் கருவி ஏன் அவ்வாறு காட்டியது என்று கேட்டீர்கள். அதை என் தம்பியிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நானும் அவனும் ஒரே யுரேனியச் சுரங்கத்தில் பணியாற்றினோம். நான் கட்டுமானப் பிரிவில். அவன் காற்றோட்டப் பிரிவில். யுரேனியம் உள்ள பாறை ரேடான் என்ற வாயுவை ஓயாமல் வெளிவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டம் இருந்தால் வெளியேறிவிடும். இல்லாவிட்டால் மூச்சோடு போய் நுரையீரலைக் கெடுக்கும். சுரங்கத்தின் ஆழமான தளத்துக்கு இரண்டு விசிறிகள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒன்றுதான் இருந்தது.

"ஒத்தை ஃபேனை வச்சே ஓட்டறாங்க அக்கா. கீழே காத்தே வேலைநிறுத்தம் பண்ணுது," என்று சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து சிரிப்பான். பெற்றோர் இல்லாத வீட்டில் அவனை வளர்த்தவள் நான். அவன் எதையும் சிரித்துக்கொண்டு சொன்னால் அது பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டு பங்குதாரர் கூட்டத்துக்குத் தம்பி என்னையும் அழைத்துச் சென்றான். தொழிலாளர்களுக்குக் கொடுத்த சில பங்குகள் எங்களிடமும் இருந்தன. அரசின் புதிய அணுமின் கொள்கை வரவிருந்த நேரம் அது. மேடையில் இருந்த அந்த முதலீட்டு ஆலோசகர் மிகத் தெளிவாகப் பேசினார். கொள்கை நமக்குச் சாதகமாகத் திரும்பும் வேளையில் பாதுகாப்புச் செலவைப் பெரிதாகக் காட்டினால், நிறுவனமே பயப்படுகிறது என்று முதலீட்டாளர்கள் எண்ணிவிடுவார்கள். விசிறி போன்றவை சற்றுக் காத்திருக்கலாம் என்றார். அவரது வாதத்தில் குறை காண எனக்கு அன்று திறமை போதவில்லை.

தம்பி எழுந்து இரண்டாவது விசிறியைப் பற்றிக் கேட்டான்.

"தம்பி, நீங்க சிகரெட்டைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டாலே போதும்," என்றார் ஆலோசகர். கூட்டம் சிரித்தது. என் தம்பி புகைத்ததே இல்லை. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். "சுரங்கத்தை விடுங்க. ஆலையிலேர்ந்து கழிச்சுக் கொட்டற மணல் இருக்கு பாருங்க, அதை என் வீட்டுக்கு அடியிலேயே கொட்டிக் கட்டிக்கத் தயார். இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

பலத்த கைதட்டல். தம்பியும் மரியாதைக்காகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். அந்தச் சிரிப்பை நான் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன். விசிறி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு அதற்கும் அடுத்த ஆண்டுக்கு.

நுரையீரல் கெட்டுப்போன கடைசி மாதங்களில் தம்பியால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடிதான் உறங்குவான், அவன் முதுகுக்குத் தலையணையாக நான் உட்கார்ந்திருப்பேன். "அக்கா, ஃபேனைப் போடேன்," என்பான். விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். "போட்டுட்டேன்டா," என்பேன். அவன் நம்புவான். நான் சொன்ன எதையும் நம்புகிற பிள்ளை.

அவன் போன பிறகு வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக வீடுகள் கட்டிக் கொடுக்கத் தொடங்கினேன். ஆலோசகர் வீடு கட்டப்போகிறார் என்று தெரிந்ததும் மற்ற எவரையும்விடக் குறைந்த செலவில் முடித்துத் தருவதாகச் சொன்னேன். செலவைக் குறைப்பதில் அவருக்கு இருந்த நாட்டத்தை முன்பே அறிந்திருந்தேன் அல்லவா. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அது அவர் தவறு என்று சொல்லமாட்டேன்.

ஆலை மணலைப் பற்றி ஒரு விளக்கம் சொல்ல அனுமதிக்க வேண்டும். பாறையை அரைத்து யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது அது. பார்ப்பதற்குச் சாம்பல் நிறத்தில் மிக மென்மையாக இருக்கும். யுரேனியம் போய்விடும், ரேடியம் போகாது. ஆகவே சுரங்கத்திலிருந்த அதே வாயு அந்த மணலிலிருந்தும் பல தலைமுறைகளுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த மணலைக் கொட்டும் கழிவுக் குளத்தின் கரையைக் கட்டியவள் நான். எந்த வழியாக லாரி போகும் வரும் என்பது தெரியும்.

பழக்கமான டிப்பர் ஓட்டுநர் ஒருவர் தயங்கினார். "மேடம், வீட்டுக்கு அடியில போய் இதையா?"

"வீட்டுக்காரரே ஆசைப்பட்டுக் கேட்டது. நூறு பேருக்கு முன்னால சொன்னாரு," என்றேன்.

"சரிதான். பெரிய மனுஷங்க ஆசையே தனி," என்று சொல்லிவிட்டுக் கொட்டினார். அவரைத் தயவுசெய்து இதில் சேர்க்க வேண்டாம். நான் அவரிடம் பொய் ஒன்றும் சொல்லவில்லை.

ஆலோசகரின் மனைவி குரல் கொடுக்கும் கலைஞர். விளம்பரம், அறிவிப்பு, லிஃப்டில் 'கதவு மூடுகிறது' என்று சொல்லும் குரல் எல்லாம் அவளுடையது. அவளுக்கு வீட்டிலேயே ஒலிப்பதிவு அறை ஒன்று தேவைப்பட்டது. நிலவறையில் அமைத்தேன். சுவருக்குப் பஞ்சுப் பலகை, கதவுக்கு ரப்பர் விளிம்பு. ஓசை புக முடியாத இடத்தில் காற்றும் புகாது. ஆயினும் அந்த அறைக்கு நான் ஒரு விசிறி வைத்திருந்தேன், ஐயா. உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றும் விசிறி. என் மனசாட்சிக்கு நான் விட்ட வழி என்று அதைக் கருதுகிறேன்.

குடியேறிய சில நாட்களில் அவள் அழைத்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இந்த ஃபேன் சத்தம் மைக்ல விழுது. எடுத்துடலாமா?"

"எடுத்தா கொஞ்சம் புழுக்கமா இருக்குமேம்மா."

"அதெல்லாம் பழகிடும் அக்கா. நீங்க சொன்னா எடுத்துடலாம், இல்லன்னா வேணாம்."

நானே ஏணி வைத்து ஏறிக் கழற்றினேன். துவாரத்தையும் நானே அடைத்துப் பூசினேன். விசிறி வேண்டாம் என்று சொன்னவர்கள் இரண்டு முறையும் அவர்கள் குடும்பத்தார்தாம் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

அதன் பிறகு நல்ல ஆண்டுகள்தாம். அவள் நாள் முழுவதும் அந்த அறையில் வேலை செய்வாள். நான் அவ்வப்போது போவேன். "வாங்க அக்கா, தொண்டை காஞ்சு போச்சு, பேச ஆளில்லாம பேசிட்டே இருக்கேன்," என்று சிரிப்பாள். மேலே வரவேற்பறையில் உட்கார்ந்துதான் பேசுவோம். கீழே நான் இறங்குவதில்லை.

பிறகு இருமல் வந்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். புகை பிடிக்கும் வழக்கம் உண்டா என்று மருத்துவர்கள் அவளையும் கேட்டார்களாம்.

சுரங்கங்களில் தனியார் முதலீட்டை அனுமதிக்கும் புதிய கொள்கை சென்ற மாதம் வந்தது. ஆலோசகர் முதலீட்டாளர்களைத் தம் வீட்டுக்கே அழைத்தார், என்னையும் அழைத்திருந்தார். மக்கள் எதிர்ப்பைப் பற்றிச் சிலர் கவலைப்பட்டபோது, அவர் கதிர்வீச்சுக் கருவியோடு எழுந்தார். "எல்லா மண்ணுலயும் கொஞ்சம் இருக்கும். என் வீட்டையே அளந்து காட்டறேன், வாங்க," என்றார். மாடியில் முள் அசையவில்லை. கீழே ஒலிப்பதிவு அறையில் அது எழுந்துகொண்டே போயிற்று என்று பின்னர் கேள்விப்பட்டேன். "பேட்டரி போயிடுச்சு போல," என்று சிரித்து, வேறு பேட்டரி போட்டார். மறுபடியும் எழுந்தது. சிறிதளவு எவரையும் ஒன்றும் செய்யாது என்று அவரிடம் பல ஆண்டுகளாகக் கேட்டு நம்பிய கனவான்கள், ஒருவரையொருவர் இடிக்காமல், ஆனால் ஒருவர்கூட நிற்காமல், படியேறிப் போனார்கள்.

அவர் மேலே வந்து, வரவேற்பறையில் இருந்த என்னைப் பார்த்தார். "மேடம், கீழே என்ன போட்டீங்க?"

"நீங்க கேட்டதைத்தான் சார்."

அந்தக் கூட்டம், அந்தக் கேள்வி, கைதட்டல் எல்லாவற்றையும் பணிவாக நினைவுபடுத்தினேன். "என் தம்பிக்குப் பதில் சொன்னீங்களே," என்றேன்.

"எந்தத் தம்பி?" என்று கேட்டார்.

இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு கணந்தான். அதுவும் உடனே தணிந்துவிட்டது. ஏனெனில் இனி அவருக்கு நினைவிருக்கும். இரவில் ஒருத்தியின் முதுகுக்குத் தலையணையாக உட்காருகிறவர் எவரும் எதையும் மறப்பதில்லை.

அவளுக்கு என்ன குற்றம் என்று கேட்கிறீர்கள். ஒரு குற்றமும் இல்லை. நான் தண்டிக்க எண்ணியது அவரை மட்டுமே. அவர் சொன்ன சொல்லில் அவரை நிற்க வைத்தேன், அவ்வளவுதான். தாங்கள் தலையசைப்பதைப் பார்த்தால், இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அவள் முதலில் கேட்டது மாடியில், மரத்தைப் பார்த்த சன்னல் வைத்த அறை. தெரு ஓசை வரும், கீழேதான் நல்லது என்று சொல்லி மாற்றியவள் நான். ஆலோசகர் மாதத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை என்பதும் அப்போதே தெரியும்.

இந்த வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்திட வேண்டும் என்று காட்டினால் நன்றியுடையவளாவேன். மாலையில் மருத்துவமனைக்குப் போக அனுமதிப்பீர்களா? அங்கே லிஃப்டில் ஏறினால் எந்தத் தளம் என்று அவள் குரல்தான் சொல்கிறது. நேற்று நான் போகவில்லை; ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். தம்பிக்குப் பிறகு என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.