தொப்பியின் மேல் அமர்ந்த பயிற்றுநர் ஆகஸ்ட் ஷ்ராடர் அவர்களுக்கு

தலைக்காப்பாகத் தோல் தொப்பி அணிந்து ஆடிய தொடக்ககால வீரரே! இருபத்தொன்பது ஆண்டு எங்கள் கெல்லர்ஸ்பர்க் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் அணியைக் கட்டிக் காத்து இன்று ஓய்வுபெறும் கோமகனே! வணக்கம்.

வாரமெல்லாம் எஃகு ஆலையில் உலைக்குக் கரி தள்ளிவிட்டு, ஞாயிறுதோறும் ஊர் அணிக்காகச் சம்பளத்துக்கு ஆடியவர் நீங்கள். மூக்கு இருமுறை உடைந்தது. 1924இல் இங்கே பயிற்றுநராக வந்தீர்கள். வென்ற ஆட்டங்கள் நூற்று எழுபத்தொன்று. தோற்றவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

1937, ஊரெல்லாம் வான்கோழி விருந்துண்ணும் நன்றி நாள் காலை. எதிரே அக்கரை ஊர் அணி. ஆட்டம் முடிந்த பிறகுதான் எந்த வீட்டிலும் வான்கோழி அடுப்பைவிட்டு இறங்கும். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்தை ஏந்தி ஓடும் நம் மாணவன் வெண்டல் பிரைஸ் தலையில் அடிபட்டு எழுந்தான். அடிபட்ட எவனிடமும் கேட்கும் அதே கேள்வியை அவனிடமும் கேட்டீர்கள்.

"காலைல என்னடா சாப்பிட்ட?"

"வான்கோழி, கோச். ரெண்டு தட்டு."

"உக்காருடா."

"நான் நல்லாத்தான் இருக்கேன் கோச்! தொப்பியக் குடுங்க!"

நீங்களோ அந்தத் தொப்பியைப் பெஞ்சில் வைத்து அதன்மேலேயே அமர்ந்துவிட்டீர்கள். "யோவ் ஷ்ராடர், முட்டையா அடைகாக்குற? எந்திரிய்யா!" என்று ஊரே கத்தியது. எழவில்லை. அந்த ஒரு புள்ளியில் தோற்றோம்.

கடமை தவறாக் காவலரே! மறுவாரம் உங்களை வேலையைவிட்டு நீக்கச் சொல்லிப் பள்ளி வாரியத்துக்குக் கடிதம் எழுதியவர்கள் ஊரார் அல்லர், நாங்கள். ஆசிரியர்கள் பதினொரு பேர் கையெழுத்திட்டோம். ஒரே வாக்கு வித்தியாசத்தில் உங்கள் வேலை தப்பியது. அடுத்த நாள் எங்கள் அறைக்கு வந்து காபி ஊற்றிக்கொண்டு, "ரோட்டுல பனி வழுக்குது, பாத்துப் போங்கப்பா" என்றீர்கள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

காரணத்தைச் சென்ற மாதம்தான் சொன்னீர்கள். "தொள்ளாயிரத்து இருபத்தொண்ணுல ஒரு ஆட்டம், முதல் பத்து நிமிஷத்துலயே தலைல அடி. கடைசி வரைக்கும் ஆடுனேனாம், ரெண்டு தடவ கோட்டத் தாண்டிப் புள்ளி எடுத்தேனாம். பேப்பர்ல படிச்சுதான் தெரிஞ்சுது. எங்கம்மா வந்து பாத்த ஒரே ஆட்டம் அது. அவங்க எங்க உக்காந்திருந்தாங்க, என்ன சொன்னாங்க, ஒண்ணுமே ஞாபகமில்ல."

ஐயா, அந்தக் கடிதம் தவறு. அதைச் சொல்லப் பதினாறு ஆண்டு எடுத்துக்கொண்டோம். வெட்கமாக இருக்கிறது. மன்னியுங்கள்.

உண்ட உணவும் உடனிருந்தோர் முகமும் ஒருநாளும் மறவாத உடல்நலத்தோடு, துணைவியார் எர்னஸ்டீனுடன் நீங்கள் நூறாண்டு நிறைந்து வாழ்க!

1953 ஜூன் 5
அன்று கையெழுத்திட்டவர்களில் இன்று இங்கிருக்கும் எழுவரும்,
மற்ற ஆசிரியர் அனைவரும்.

எழுதி வாசித்தவன்: வெண்டல் பிரைஸ், வேதியியல் ஆசிரியர். அன்று உங்களோடு ஆறு மாதம் பேசாதவன். இன்று காலை சாப்பிட்டது இரண்டு முட்டை, வறுத்த உருளைக்கிழங்கு, காபி. சரிதானே, கோச்?