மிளகு வியாபாரியின் நாக்கு

காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலையேறும் பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் உயிரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தேன். முன் சீட்டில் இருந்த அம்மா தன் கணவரிடம், "ஏனுங்க, காரமா இருக்கற மாதிரி மூஞ்சிய வெச்சுக் காட்டுங்க பாப்போம்" என்றார். பயத்தை ஓரமாக வைத்துவிட்டுக் காதை நீட்டினேன்.

"தொண்டைப் புத்துநோய்க்கு ஆஸ்பத்திரியில கரண்டு வெச்சதுல இருந்து நாக்கு மரக்கட்டையாட்டம் கெடக்குது. மிளகக் கடிச்சுப் பாக்காம சோளக்காட்டுச் சந்தையில எப்படி வாங்கறது?"

"கடிங்க. கண்ணச் சுருக்கி உஸ்ஸுன்னு சொல்லுங்க. ஆருக்கும் தெரியாது."

"தெரிஞ்சா யாவாரமே போச்சு. கலப்படத்தையெல்லாம் நம்ம தலையிலதான் கட்டுவாங்க."

இதைக் கேட்டதும் என் வாயிலிருந்த புளிப்பு மிட்டாயை அவசரமாகச் சப்பிப் பார்த்தேன். புளித்தது. பிழைத்தேன்.

அந்த அம்மா பையிலிருந்து நாலு மணிகளை எடுத்து அவர் உள்ளங்கையில் போட்டார். அவர் கடித்தார். கண்ணைச் சுருக்கினார், உஸ்ஸென்று மூச்சை இழுத்தார், இருமிக்கூடக் காட்டினார். எனக்கே நாக்கு எரிந்தது.

"எப்படி?"

"நல்லாத்தான் நடிக்கறீங்க. ஆனா நான் குடுத்தது பப்பாளி விதைங்க."

அவர் விதைகளை ஜன்னல் வழியே துப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப சந்தையில நீயே கடிச்சுப் பாரு கண்ணு. நான் வெல மட்டும் பேசறேன்."

"அய்யோ அல்லா! எனக்குக் காரமே ஆவாதுங்களே. கண்ணுல தண்ணியாக் கொட்டும்."

"அதான் வேணும். உன்ற மூஞ்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது."