சித்தூர் போய்ச் சேர்ற வரைக்கும் மட்சுவே

— கண்ண மூடாதய்யா! மட்சுவே ஊர்ல ரயிலு எறங்குனா மொதல்ல இன்னா பாக்கணும்? சொல்லு.

— இன்னொரு வாட்டியா, மே? தூக்கம் இஸ்துக்கினு போவுது.

— தூங்கிட்டா நாகம் கடிச்ச விஷம் தலைக்கு ஏறிடுமாம். பட்டாளத்துல சமைக்கிறதுக்கு ஜப்பானுக்குப் போனியே, அந்த ஊர்ல வெள்ளக் கோட்டை கீதே...

— கறுப்பு. கறுப்புக் கோட்டைமே. மரத்துல கட்னது. எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்!

— கோவம் வருதா? வரட்டும். நாகையாண்ணா, மாட்ட வெரட்டு!

— வெரட்டிக்கினுதாம்மா கீறேன். சித்தூரு ஆசுபத்திரி இன்னும் எட்டு மைலு. நீ தப்புத் தப்பா சொல்லிக்கினே வா, தாட்சாயணி. அந்த ஊர யாராவது தப்பா சொன்னா கோவர்த்தனனுக்குப் பொறுக்காது.

— கோட்டை மேல ஏறுனா கடலு தெரியும், இல்லய்யா?

— கடலா? ஏரிமே. சாயங்காலம் சூரியன் அதுலதான் எறங்கும். படகுல குந்திக்கினு சிப்பி வாருவானுங்க.

— அப்பால கடையில சோறு துன்னுட்டு...

— சோறில்ல. சேமியா மாதிரி, கறுப்பா... வட்டப் பெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு, மூணு. குச்சியால எடுத்து...

— எடுத்து? யோவ், எடுத்து? அண்ணா, வண்டிய ஏன் நிறுத்திட்ட?

— ஊர்வலம்மா. திருத்தணி ஆந்திராவுக்கா மெட்ராசுக்கான்னு ரோட்ட மறிச்சிக்கினு கீறானுங்க. ஜரகண்டி! பாமு கரிசிந்தி பாபு, பாம்பு கடிச்ச ஆளு கீறான், வழி வுடு!

— ஐயோ, காலு சில்லுன்னு ஆவுதே. பெத்த மூணும் தங்கல, நீயும் போய்ட்டா எனக்கு யாருய்யா கீறா? கால்வா ஓரம் செவப்புக் காயித வெளக்கு எரியுமே, பாட்டு, ஆட்டம்... ராத்திரி பூரா அங்கதான கெடந்த?

— போவல... போர்டு வெச்சுட்டான்... பட்டாளத்து ஆளு வரக் கூடாதுன்னு...

— எத்தினி கடை? எத்தினி வெளக்கு?

— க... கட...

— நாக்கு கொளறுதே! பொய்யி. எல்லாம் பொய்யி! நீ ஜப்பானே போவல!

— போனேன்...

— போவல! பெங்களூரு கேம்புல வெங்காயம் உரிச்சிக்கினு கெடந்தன்னு எங்கண்ணன் அன்னிக்கே சொல்லிச்சு. ஊரே உன்னப் பாத்து சிரிக்குது. பெரிய ஜப்பான்காரன்!

— யாரு, மே... எவன் சிரிச்சான்?

— நான் சிரிக்கிறேன்! போனவன்னா சாட்சி காட்டு. ஒரு போட்டோ கீதா? ஒரு காயிதம் கீதா? ஒரு மண்ணும் கெடையாது!

— சாட்சியா ஓணும் உனக்கு? கால்வா ஓரம் மூணாவது கடை. போய்ப் பாரு. அங்க எம் பொண்ணு கீறா. இந்த வருசம் பதினொண்ணு முடியுது.

— வழி வுட்டுட்டானுங்கம்மா! ஹை! ஹை! இன்னாம்மா, பேச்சே காணோம்? தூங்கிட்டானா?

— இல்லண்ணா. முழிச்சிக்கினுதான் கீது. நீ ஓட்டு.

— மே... தாட்சாயணி... நான் சொல்லணும்னுதான்...

— அழுவாத. கண்ண மூடாத. அவ பேரச் சொல்லாம நீ சாவக் கூடாது.