இடது தோள்

வழி கேக்க வரல தம்பி, உன்னத்தான் பாக்க வந்தேன். ரெட்டிபாளையத்துலேருந்து. அரியலூர் வந்து, பெரம்பலூர்ல பஸ் மாறி, வேப்பந்தட்டைல எறங்கி, செல்லுல பொம்மையப் பத்திப் பேசுற அருள்முருகன் வூடு எதுன்னு கேட்டேன். டீக்கடைக்காரனே கை காட்டிட்டான். பெரிய ஆளாத்தான்யா இருக்க.

எம் பேரு அமாவாசை. ஏன் சிரிக்கிற? நீ பொறக்குறதுக்கு முன்னாடி சிமெண்டு ஆலை வாசல்ல இந்தப் பேரச் சொன்னா வாட்ச்மேன் ஓடிப்போயி கேட்டப் பூட்டுவான். இப்ப சொன்னா, இன்னிக்கா அமாவாசைன்னு காலண்டரப் பாக்குறானுவோ. பாக்கட்டும்.

அம்மா, டீயெல்லாம் வேணாம்மா. கண்டிக்க வந்த எடத்துல டீ குடிச்சா கண்டனம் நமுத்துப் போயிரும்.

விஷயத்துக்கு வரேன். போன வாரம் ஒரு வீடியோ போட்டியே, குன்றன் பொம்மை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, எத வாங்கலாம் எத வாங்கக் கூடாதுன்னு. அதுல மெட்ராஸ் கம்பெனி பொம்மையக் காட்டி என்னா சொன்ன? அதே வார்த்தையச் சொல்லு. ம். டிஃபெக்ட் பீஸ். இடது தோள் எறங்கியிருக்கு, அச்சுலயே கோளாறு, காச வீணாக்காதீங்க ஃப்ரெண்ட்ஸ். சொன்னியா இல்லியா? அந்த வார்த்தைய நீ வாபஸ் வாங்கணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்.

இரு. ஆதாரம் இல்லாம பேசுற ஆளு நான் இல்ல. இந்தா, பையிலயே கொண்டாந்திருக்கேன். இது மெட்ராஸ்காரன் செஞ்சது. இது டெல்லிக்காரன் செஞ்சது. ஒரே குன்றன். அதே கறுப்புச் சட்டை, நெத்தியில அதே கல்லு. கதை தெரியாம பேச வந்துட்டேன்னு நெனைக்காத, செல்லுல மொத்தத்தையும் பாத்துட்டேன். பாறையில பொறந்தவன், மலை சரிஞ்சா கீழ நின்னு தாங்குவான், ஊரு தப்பிச்ச பொறவு யாருகிட்டயும் சொல்லாம போயிருவான். அந்தக் கடைசிதான் எனக்குப் புடிக்கல. எதுக்குச் சொல்லாம போறான்? நின்னு ஒரு கூட்டம் போட வேணாமா? சனத்த ஒண்ணு சேக்க வேணாமா? ஒத்த ஆளு எத்தன மலையத் தாங்குவான்? சரி விடு, அத எழுதுனவன்கிட்ட பேசிக்கிறேன்.

மொதல்ல டெல்லிக்காரனப் பாரு. ஆஹா ஓஹோன்னியே. இது மலையத் தாங்குறவன் மூஞ்சியா? கல்யாண மண்டபத்து வாசல்ல பன்னீர் தெளிக்கிறவன் மாதிரி இருக்கான். ரெண்டு காலும் ஒட்டி நிக்கிது. இப்படி நின்னா போலீஸ்காரன் தொடவே வேணாம், ஊதுனாலே வுழுந்துருவான். இவன் எதுத்தாப்புல மலை இல்லய்யா, கேமராதான் இருக்கு.

என்னா? மூட்டு நெறைய மடங்குதா? மடங்கட்டும். எல்லாப் பக்கமும் மடங்குறவன எங்க சங்கத்துலயே நெறைய பாத்துட்டேன். காலையில போராட்டப் பந்தல்ல, சாயங்காலம் மேனேஜர் ரூமுல. அதப் போயி ஒரு தகுதின்னு சொல்றியே.

பெயிண்டா? அத ஒத்துக்கிறேன். டெல்லிக்காரன் பெயிண்டு சுத்தம். மெட்ராஸ்காரனுக்குப் புருவத்துல கொஞ்சம் ஈஷியிருக்கு. உள்ளது உள்ளபடி ஒத்துக்கிட்டாத்தான் பேச்சுவார்த்தை நடக்கும்.

இப்ப இவனப் பாரு. காலு அகண்டு நிக்கிது, முட்டி லேசா மடங்கியிருக்கு. கையில எடுத்தே பாரேன். ஆ, அந்தக் கைய இழுக்காத! கழட்டுற கையா? மாத்துக் கைன்னா என்னா? ஓ. பொட்டிக்குள்ள விரல விரிச்ச கை ஒண்ணு, முஷ்டி மடக்குன கை ஒண்ணு தனியாக் கெடந்துச்சு. நான் வர்ற வழியில கை ஒடஞ்சிருச்சுன்னு நெனச்சு பசை போட்டு ஒட்டிட்டேன். மடக்குன கையத்தான். வேற எந்தக் கைய ஒட்டுவேன்? சிரி, சிரி. இனிமே அது பிரியாது.

மதிப்புப் போயிருச்சா? பொட்டியப் பிரிச்சாலே மதிப்புப் பாதி போயிருமா? அப்ப பொட்டிக்குள்ளயே கெடந்தாத்தான் அவனுக்கு மதிப்பு, வெளிய வந்து நின்னா மதிப்பு இல்ல. நல்ல சட்டம்யா. ஆலைக்காரனும் எங்ககிட்ட இதத்தான் சொன்னான்.

நழுவாத. தோளுக்கு வா. ஸ்கேல் வச்சுக் காட்டுன. வலது தோளவிட இடது தோள் ஒரு நூலு எறக்கம். எறக்கந்தான், நான் இல்லன்னு சொல்லல. எறக்கம்னா கோளாறுன்னு உனக்கு யாரு சொன்னா? டெல்லிக்காரன அளவுன்னு வச்சுக்கிட்டு இவன அளந்திருக்க. அவன யாரு அளவுன்னு தீர்மானம் போட்டது? எந்தக் கூட்டத்துல? கடைத்தெருவுல போயி ஸ்கேல் புடி. ஒருத்தனுக்கு முதுகு, ஒருத்தனுக்கு இடுப்பு, ஒருத்தனுக்குக் கழுத்து. நேரா நிக்கிறது துணிக்கடை வாசல்ல நிக்கிறது மட்டுந்தான், அதுக்கும் உசுரு கெடையாது.

ஏன் என்னையே பாக்குற? பொம்மையப் பாரு தம்பி.

வீடியோவுக்குக் கீழ எழுதியிருக்கானுவோளே, கண்ணாடியப் போட்டுக்கிட்டு நான் ஒண்ணு விடாம படிச்சேன். கோணத்தோளன். பக்கவாதக் குன்றன். செஞ்ச ஆளுக்குக் கண்ணு நொள்ளையா. செஞ்ச கைய ஒடிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் நீ ஹார்ட்டு போட்டிருக்க. அதுதான்யா எனக்குத் தாங்கல. என்னைய அடிச்ச போலீஸ்காரனுக்காவது மேல ஒருத்தன் உத்தரவு போட்டான். உனக்கு யாருய்யா போட்டது?

என்னா கேட்ட? கம்பெனிக்காரன் அனுப்பி வந்தேனா? நானா? முதலாளிக்கு வக்காலத்து வாங்க அமாவாசை வந்திருக்கானா? வாய அளந்து பேசு. அம்மா, நீங்க உள்ள போங்கம்மா, ஒண்ணுமில்ல, சத்தம் கொஞ்சம் கூடிருச்சு. எனக்கு மெதுவாப் பேச வராது. மைக்கு இல்லாமயே பேசிப் பழகுன தொண்டை.

அந்தக் கம்பெனிக்காரன் ஆம்பளையா இருந்தா என்னா செஞ்சிருக்கணும்? எங்க பொம்மை இப்படித்தான்டா நிக்கும்னு சொல்லியிருக்கணும். சொல்லல. உன் வீடியோவப் பாத்த ஒடனே உருவம் செஞ்ச ஆளக் கூப்புட்டு, தோள நிமித்துன்னு சொல்லிட்டான். அடுத்த அச்சுல இவனும் டெல்லிக்காரன் மாதிரியே வந்துருவான். அப்புறம் என்னத்துக்கு ரெண்டு கம்பெனி, என்னத்துக்கு ரெண்டு பொம்மை? நீயும் எத வச்சு எத ஒப்பிடுவ?

எனக்கு எப்படித் தெரியும்னா, தெரியும். செஞ்ச ஆளே சொல்லுச்சு. மண்ணுல புடிக்கிறதில்ல தம்பி, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்லயே உருவம் புடிக்கிறாங்க. நேத்து போன் பண்ணிச்சு. நிமித்தாத, மறுப்பு அறிக்கை குடு, நான் கெளம்பி வரேன், கம்பெனி வாசல்ல உக்காருறேன்னேன். அதுக்குச் சிரிப்பு. உக்காந்து உக்காந்து பழகிப்போச்சு உங்களுக்குன்னுது. அந்தப் பையன் சொன்னது சரிதான்ப்பா, எனக்கே தெரியல, செஞ்சு முடிக்கிற வரைக்கும் நேரா இருக்குற மாதிரியேதான் இருந்துச்சுன்னுது.

ஆமா. மகதான். வேணின்னு பேரு.

அதுக்கு நேரா இருக்குற மாதிரியேதான் இருந்துச்சாம். இருக்காதா பின்ன. குவாரி லாரிய மறிச்சப்ப இந்தத் தோள்ல வுழுந்த அடி, எலும்பு ஏறுமாறாக் கூடிருச்சு. அது கண்ணத் தொறந்து பாத்த நாள்லேருந்து நான் இப்படித்தான் நிக்கிறேன். மனுசன் நிக்கிறதுன்னாலே இப்படித்தான்னு அது கைக்குப் பதிஞ்சுபோச்சு. அதுக்கே அது தெரியல. நானும் சொல்லல. எப்படிச் சொல்லுவேன், கோளாறுன்னு நீ நிமித்துறது என்னையத்தான்டின்னு?

நான் சொல்லி அது கேக்காது. அப்பா எல்லாத்துக்கும் கொடி புடிப்பாருன்னு சொல்லிரும். கோளாறு இல்லன்னு நீ சொன்னா நம்பும். செல்ல எடு தம்பி. சாயங்காலம் கம்பெனிக்கு அனுப்பணும்னு காலையிலேருந்து நிமித்திக்கிட்டு இருக்கு.