செய்தி அலுவலரின் கடைசி ஒன்பது நிமிடம்

எனக்குக் கடிதம் எழுத வரும். வேறு பெரிய திறமை எதுவும் கிடையாது. முப்பத்தொரு வருஷம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மறுப்புக் கடிதம் எழுதும் பிரிவில் இருந்தேன். மறுப்பை முதல் வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். காரணம் இரண்டாவதில். வருத்தம் கடைசியில்தான் வர வேண்டும். அதை முன்னால் வைத்தால் படிக்கிறவர் வீணாக நம்பிக்கை கொள்வார்.

என் மனைவி நடீனின் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கஸ் பெல்கோ கேட்டான். "அவ குரலப் பத்தி எழுது ஆர்வில். வீட்டுல இருந்து அதக் கேட்டவன் நீ ஒருத்தன்தானே" என்றான். சரிதான். குரலைப் பற்றியே எழுதுகிறேன்.

ரசிகர் சங்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'விளிம்பு ரோந்து' எழுபதுகளில் இரண்டு வருஷம் தொலைக்காட்சியில் ஓடி நின்றுபோன விண்வெளித் தொடர். அது நின்ற வாரம் பதினான்கு வயது நடீன் மூன்று நாள் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா சொல்லுவாள். முப்பது வருஷம் கழித்து இங்கே ஈரி நகரத்தில், இருபத்தாறாம் தெருவில் மூடிக் கிடந்த ஒரு கார்ப்பெட் கடைக்குள், கஸ்ஸும் இருபது பேரும் அதில் வரும் விண்கப்பலின் கட்டுப்பாட்டு அறையை ஒட்டுப்பலகையால் கட்டினார்கள். பழைய கார்களில் கழற்றிய விளக்குகள்தான் மின்னும். வெளியே ஏரிப் பனி இடுப்பளவு கிடந்தாலும் சனிக்கிழமை தவறாது. பதினாறு வருஷத்தில் பதினொரு படம் எடுத்தார்கள். நடீனுக்குச் செய்தி அலுவலர் டாம்சின் வே பாத்திரம். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, காணாமல் போன கப்பல்களைக் கூப்பிடுகிற வேலை. தொடரில் நடித்த பழைய நடிகையின் குரல் அப்படியே இருக்கிறது என்று ஆஸ்திரேலியாவிலிருந்துகூட எழுதுவார்கள்.

நான் சாண்ட்விச் கொண்டுபோவேன். மூன்று படங்களில் என் தலையில் தலைக்கவசத்தைக் கவிழ்த்து ஓரமாக நிற்க வைத்தார்கள். முகம் தெரியாது. எனக்கு அதில் குறை இல்லை. கடைக்குள் நடீனை யாரும் நடீன் என்று கூப்பிட மாட்டார்கள். "வே, காபி வேணுமா?" "வே, உன் வீட்டுக்காரர் வண்டிய வாசல மறிச்சு நிறுத்திருக்காரு, எடுக்கச் சொல்லு." நான் பக்கத்தில்தான் நிற்பேன். வீட்டுக்கு வந்தால் அவளுக்குக் களைப்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்களுக்குள் பத்து வாக்கியம் இருந்தால் அதிகம். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மார்ச் மாதம் அவளுக்கு நாக்கு குழற ஆரம்பித்தது. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கிற நோய் என்றார் டாக்டர். அவளுக்கு அது தொண்டையில் தொடங்கியிருக்கிறது, முதலில் பேச்சு போகும், செப்டம்பர் கடைசி வரை குரல் தாங்கலாம் என்றார். உயிர் ஒரு வருஷம் தாங்காது என்பதையும் நிதானமாகச் சொன்னார். நல்ல டாக்டர். மறுப்பை முதலிலேயே சொல்லிவிட்டார்.

மருத்துவமனை வாசலில் வண்டியில் ஏறியதும் நடீன் போனை எடுத்தாள். அவள் தங்கையைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.

"கஸ், நான்தான். செப்டம்பர் வரைக்கும்தான் குரல் இருக்குமாம். வேயோட கடைசிப் படத்த இப்பவே எடுத்துடணும். அழாதடா மடையா, தேதியக் குறி."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவளிடம் ஆறு மாதப் பேச்சு மிச்சம் இருந்தது. அதில் முதல் அழைப்பு கார்ப்பெட் கடைக்குப் போனது.

படத்துக்கு ஐம்பத்திரண்டு நிமிஷம் கணக்கானது. எங்கள் சமையலறை மேசையில் மற்ற எல்லாப் பாத்திரங்களையும் நான் படிக்க, அவள் கடிகாரம் வைத்துப் பார்த்தாள். கடைசிக் காட்சி மட்டும் ஒன்பது நிமிஷம். கப்பல் அழியப் போகிறது. வே ஒருத்தியாக உட்கார்ந்து, பதில் தராத கப்பல்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டு விடைபெறுகிறாள். அதை அவளே எழுதினாள். அதில் இருநூறு கப்பல் பெயர் வரும்.

தொடரின் உரிமையாளர்கள் ரசிகர் படங்களுக்கு விதி வைத்திருந்தார்கள். இருபது நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. தொடர்கதையாக எடுக்கக் கூடாது. கஸ் இரண்டையும் மீறித்தான் பழக்கம். "கலிஃபோர்னியாவுல உக்காந்திருக்கிற வக்கீலுக்கு ஈரி எங்க இருக்குன்னே தெரியாது. யாராச்சும் போட்டுக் குடுத்தாத்தான் உண்டு" என்பான்.

அது உண்மை. யாராவது சொன்னால்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

ஜூலை இரண்டாம் வாரம் உரிமையாளர்களுக்கு எழுதினேன். பாதிப் படம் முடிந்திருந்தது. வாரத்துக்கு ஒரு நாளாக இருந்த படப்பிடிப்பு நான்கு நாளாகியிருந்தது. காலையில் கொண்டுபோய் விடுவேன். மாலையில் திரும்பும்போது பேசத் தெம்பிருக்காது, எதையும் விரலால்தான் காட்டுவாள். மிச்சமிருந்த குரலை அவள் எங்கே செலவழிக்கிறாள் என்று பார்த்தேன். கடையை மூடினால் வீட்டுக்கு வருவாள். வீட்டில் நான் இருக்கிறேன். இதில் தப்பான கணக்கு எதுவும் எனக்கு இன்றும் தெரியவில்லை.

ஒரே பக்கம். படத்தின் பெயர், இடம், நீளம், மீறப்பட்ட விதிகளின் எண்கள். பெயர் போடவில்லை. முடிவில் ஒரு வரி சேர்த்தேன்: 'விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.' அது ரோலண்ட் டீட்ஸ் அடிக்கடி சொல்லும் வரி. ரோலண்ட் முதல் ஏழு படங்களில் கேப்டனாக நடித்தவன். விதியை மதிக்க வேண்டும் என்று கஸ்ஸோடு சண்டை போட்டு வெளியேறி, தனியாகப் பத்தொன்பது நிமிஷப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தான். யார் எழுதினார்கள் என்ற கேள்வி வரும். பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் யாரும் அதைத் தாண்டித் தேட மாட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் உரிமையாளர்களிடமிருந்து தாக்கீது வந்தது. படப்பிடிப்பை நிறுத்த வேண்டும், பழைய படங்களையும் இணையத்திலிருந்து இறக்கிவிட வேண்டும். நான் அனுப்பியதன் நகலும் கூடவே இருந்தது. கஸ் அதை நடுக் கடையில் நின்று சத்தமாகப் படித்தான். கடைசி வரி வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

"ரோலண்ட்தான். அவன் வாய்லருந்து வர்ற அதே வார்த்தை."

"அவ சாகப் போறான்னு தெரிஞ்சும் பண்ணிருக்கான் பாரு, நாய்."

"ஐம்பத்திரண்டு நிமிஷம்னு போட்டிருக்கு. நாம எல்லார்கிட்டயும் நாப்பத்தஞ்சுன்னுதானே சொன்னோம்? அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒலிப்பதிவு பார்க்கிற பெண் கேட்டாள். நான் சாண்ட்விச்சுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். "குத்துமதிப்பா அடிச்சிருப்பான்" என்றான் கஸ். அத்தோடு முடிந்தது.

அன்று மாலை நடீன் ரோலண்டுக்குப் போன் செய்தாள். கிட்டத்தட்ட கால் மணி நேரம். பாதி வார்த்தைகள் நாக்கில் ஒட்டிக்கொண்டன. நான் எதிரே உட்கார்ந்து பீச் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"சத்தியமா நான் இல்ல நடீன். என் மக மேல சத்தியம்" என்று அந்தப் பக்கம் அவன் அழுவது எனக்கே கேட்டது.

"உன் மகளுக்கு உன்ன நல்லாத் தெரிஞ்சிருக்கு, அதான் உன்கூட இல்ல" என்றாள் நடீன். "என் வாயி அடைபடப் போகுதுடா. அடைபடுற வரைக்கும் உன் பேரத்தான் சொல்லுவேன்."

அதன் பிறகு ரோலண்டுக்கு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், செய்ததும் நீங்கள்தான். அவன் கட்டியிருந்த அரங்கில் தார் ஊற்றினீர்கள். அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்துக்கு நாற்பது பேர் புகார் எழுதினீர்கள். அவற்றில் சிலவற்றை நான் பார்த்தேன். மோசமான கடிதங்கள். அடுத்த வசந்தத்தில் வீட்டை விற்றுவிட்டு டூசானில் இருக்கும் அக்காவிடம் போய்விட்டான்.

கடைச் சொந்தக்காரர் பயந்து இடத்தைக் காலி செய்யச் சொன்னார். நடீனின் இருக்கையையும் மேடையையும் மட்டும் கஸ் தன் கராஜில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தான். "அனுமதி மட்டும் வரட்டும் வே, ஒரே நாள் போதும். கடைசிக் காட்சிய அங்கயே எடுத்துடலாம்" என்றான். நடீன் தன் கைப்பட உரிமையாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினாள். திருத்தித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். மொழியில் பிழைகள் இருந்தன. அப்படியே தபாலில் போட்டேன். அதைப் போடாமல் இருந்திருக்கலாம் என்று சொல்பவர்களுக்கு: நான் அப்படிப்பட்ட மனிதன் இல்லை.

ஆகஸ்ட் பதினேழாம் தேதி, காலை பத்தே கால் மணிக்கு உரிமையாளர்களின் வக்கீல் போனில் கூப்பிட்டாள். மிஸ் ஆல்ட்மன். இளம் குரல். நடீன் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்டர் ஹாஸ்கல், உங்க மனைவியோட லெட்டர இங்க எல்லாரும் படிச்சோம். என் சித்திக்கும் இதே வியாதிதான். மேலிடத்துல பேசிட்டேன். இந்த ஒரு படத்துக்கு மட்டும் விலக்கு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் எடுக்கட்டும். ஒரு கையெழுத்து போதும். அவங்களால இன்னும் பேச முடியுதா?"

அன்று காலைதான் நடீன் என்னிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்லியிருந்தாள். குழறலாக இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

"இல்ல மேடம்" என்றேன். "போன வாரம் குரல் போயிடுச்சு. படம் வேணாம்னு அவளே முடிவு பண்ணிட்டா. உங்க நல்ல மனசுக்கு நன்றி சொல்லச் சொன்னா."

"ரொம்ப வருத்தமா இருக்கு. எப்பவாவது மனசு மாறினா, விலக்கு அப்படியே இருக்கும். எழுத்துல அனுப்பி வைக்கிறேன்" என்றாள். அனுப்பவும் செய்தாள். நன்றாக எழுதப்பட்ட கடிதம், வருத்தம் கடைசியில்தான் இருந்தது. அதை என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் வைத்தேன்.

இனி நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நடீன் வீட்டோடு இருந்தாள். நாள் முழுக்க நாங்கள் இருவர்தான். ஆனால் அந்த வாரமே பேச்சை நிறுத்திவிட்டாள். கழுத்தில் ஒரு சிறிய சிலேட்டு. பசியா, வலியா, எல்லாம் அதில்தான். ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். 'சேத்து வெக்கிறேன். அவங்க பதில் வந்ததும் ஒன்பது நிமிஷம் வேணும்' என்று எழுதிக் காட்டினாள்.

தினமும் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு உதடு மட்டும் அசைத்து அந்த இருநூறு பெயர்களையும் ஒத்திகை பார்ப்பாள். சத்தம் வராது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன். எந்த நாளும் நான் சொல்லியிருக்கலாம். ஆகஸ்டில் சொல்லியிருந்தால் முழுசாகவே எடுத்திருப்பார்கள். செப்டம்பர் நடுவில் சொல்லியிருந்தாலும் பாதி தேறியிருக்கும். ஆனால் சொன்னால், சேர்த்து வைத்த அத்தனையையும் ஒரே நாளில் கஸ்ஸின் கராஜில் கொட்டிவிட்டு வருவாள். காத்திருந்து அலுத்துப்போனால் என்னிடம் பேசுவாள். நானும் காத்திருந்தேன். நாற்பத்தைந்து நாள்.

அக்டோபர் முதல் தேதி காலை அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வந்தாள் என்று தெரியவில்லை. காற்று மட்டும் வந்தது. இரண்டாவது தடவை முயன்றாள். பிறகு தொண்டையில் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்துவிட்டாள்.

கஸ் அப்போதும் விடவில்லை. "பரவால்ல வே. சத்தமே வேணாம். உன் மூஞ்சிய மட்டும் எடுக்கறேன், நீ உதட்ட அசை, அதுவே போதும். அனுமதி மட்டும் வரட்டும்" என்று கட்டில் ஓரமாக உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனான். அவள் தலையாட்டினாள். டிசம்பர் ஒன்பதாம் தேதி இறந்தாள். அனுமதி என் இழுப்பறையில் இருந்தது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இந்த மலரின் முதல் பக்கத்தில் அந்த மொட்டைக் கடிதத்தை அச்சிட்டு, கீழே ரோலண்ட் டீட்ஸ் எழுதியது என்று போடப் போவதாகக் கஸ் சொன்னான். அது தகவல் பிழை. ரோலண்டுக்கு இரண்டு வரி ஒழுங்காக எழுத வராது. அந்தக் கடிதம் என்னுடையது. தொலைபேசியில் சொன்ன பதிலும் என்னுடையது. மிஸ் ஆல்ட்மனின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், அதையும் அச்சிடலாம்.

என்னைக் கொடுமைக்காரன் என்று நீங்கள் எழுதுவதற்கு முன், அந்த வீட்டில் கடைசி வாரங்கள் எப்படி இருந்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நவம்பரில் கட்டிலைக் கீழே, தெருவைப் பார்த்த ஜன்னலோரம் போடச் சொல்லிச் சைகை காட்டினாள். போட்டேன். பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்து போவார். பனிக்குள் இறங்கித் தபால் பெட்டியைத் திறந்து, இருப்பதை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்து வருவேன். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நடீன் தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். முகம் அப்படியே மலர்ந்திருக்கும். ஒரு நாள் தவறாது. பதினாறு வருஷம் அந்தக் கடை வாசலில் காத்திருந்திருக்கிறேன்; ஒரு சனிக்கிழமைகூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.