ஆறு தங்கச்சிமாருக்குச் சீதனம்

ஜெயபாலன்: மன்னிப்புக் கடுதாசியா? நீங்களா? கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க அண்ணே!

இளையதம்பி: மெல்லக் கதையும் தம்பி. நாளைக்குக் காலமை எட்டு மணிக்குத் துரையின்ர மேசையில இருக்கவேணுமாம். இல்லாட்டி இந்தத் தோட்டத்துக் கணக்கெழுத வேற பெரிய கிராணி பாப்பாராம்.

ஜெயபாலன்: துரைமாரு கிளப்புல பேச்ச வாசிச்சது அவரு! நம்மள அந்தக் கிளப்பு வாசல்ல கூட நிக்கவிட மாட்டாங்க. பின்ன மன்னிப்பு மட்டும் எதுக்கு நம்மகிட்ட?

சந்திரமதி: தேத்தண்ணி ஆறுது. குடிச்சுப்போட்டுச் சண்டை பிடியுங்கோ.

ஜெயபாலன்: நீங்களே சொல்லுங்க அக்கா, நியாயமா இது? ஸ்காட்லாந்துக்காரங்க விருந்து. அவங்க ஊர்ல ஒரு பாதிரியாரு இருந்தாரு, நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி பெரிய பெரிய சரித்திரம் எழுதினாருன்னு பேச துரைக்கு ஆசை. சரி, தானே எழுதலாம்லா? மூணு தடிப் புஸ்தகத்தத் தூக்கி அண்ணன் தலையில கட்டிட்டாரு.

இளையதம்பி: மூண்டு கிழமை! கண் பூத்துப்போச்சு.

சந்திரமதி: ஓமோம். ஆரின்ர கண்?

இளையதம்பி: நீர் உள்ள போம்.

சந்திரமதி: ஏன்? நானும் கேக்கிறனே.

ஜெயபாலன்: இருக்கட்டும் அண்ணே. அக்காவும் உங்களக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி யாழ்ப்பாணத்துல மிஷன் பள்ளிக்கூடத்துல இங்கிலீசு படிச்சவங்கதானே... கிளப்புல பரிமாறுற நம்ம பையன் சீனி எல்லாத்தையும் சொன்னான். முதல்ல ஒரே கைதட்டாம். வேற சபையான கத்தோலிக்கக்காரங்களுக்கும் உரிமை குடுக்கணும்னு அந்தப் பாதிரியாரு சொன்னாராம். சொந்த ஊர்ச் சனமே அவரு வீட்ட உடைக்கக் கிளம்பிருச்சாம். அந்த இடத்துல மேசையத் தட்டித் தட்டி...

இளையதம்பி: தட்டுவினம்தானே! எழுத்து அப்பிடி.

சந்திரமதி: ம்... எழுத்து அப்பிடித்தான்.

ஜெயபாலன்: நம்ம துரை என்ன சொன்னாரு தெரியுமா? "ராப்பகலா நானே படிச்சு எழுதினேன்"னாராம்! அப்புறம் பாதிரியாரோட தங்கச்சிங்க கதை. ஆறு தங்கச்சிக்கும் ஆளுக்கொரு வீடு, வளவு, நகைன்னு சீதனம் குடுத்துக் கட்டிவச்சாரு பாதிரியாருன்னு வாசிச்சிருக்காரு. ஒரு வெள்ளைக்காரம்மா குபீர்னு சிரிச்சிருச்சாம். அப்புறம் மேசை மேசையா சிரிப்பு. துரை மூஞ்சி மிளகாப்பழம்! உடனே, "இது என் கிராணி எழுதினது"ன்னுட்டாராம்.

இளையதம்பி: பாத்தீரோ!

ஜெயபாலன்: கைதட்டு வாங்குறப்ப கிராணி எங்க போனானாம்?

இளையதம்பி: அதைத்தான் நானும் கேக்கிறன்! உழைச்சது ஒருத்தன், நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறது இன்னொருத்தன். நல்லாயிருந்தாத் தன்ரயாம், பிழையெண்டா மற்றவன்ரயாம். மனுசனோ அவன்?

சந்திரமதி: வடிவாச் சொன்னியள். இன்னொருக்காச் சொல்லுங்கோ.

இளையதம்பி: என்ன பகிடி உமக்கு?

ஜெயபாலன்: அண்ணே... கோவிச்சுக்காதீங்க. அந்த வீடு, வளவு... புஸ்தகத்துல இருந்துச்சா?

இளையதம்பி: அந்த இடம்... அது நான் எழுதினதில்லை.

ஜெயபாலன்: பின்ன யாரு?

இளையதம்பி: டைப் அடிக்கேக்க... எப்பிடியோ வந்திட்டுது.

சந்திரமதி: எப்பிடியோ வராது! அந்தப் பாதிரியாரின்ர தாயும் தகப்பனும் அடுத்தடுத்துச் செத்துப்போச்சினம். ஆறு தங்கச்சி, ஒரு தம்பி. கிராமத்து வேதக்கோயில்ல சின்னச் சம்பளம். தான் விரும்பின பெட்டையைக் கட்டாமல், தங்கச்சிமார் கரைசேரட்டும் எண்டு எட்டு வருசம் காத்திருந்தவர் அந்த மனுசன். சீதனம் இல்லாமல் ஆறு பேரைக் கரைசேர்க்கேலுமோ?

ஜெயபாலன்: நம்ம ஊர்ல முடியாது அக்கா. ஆனா வெள்ளைக்காரங்க வீடு வளவெல்லாம்...

சந்திரமதி: சரி, பிழைதான். புத்தகத்தில இல்லைத்தான். அதுக்காக, கூடப்பிறந்ததுகளுக்காகக் காத்திருந்த மனுசன்ர கதையைக் கேட்டுச் சிரிக்கிறதோ? வெக்கமில்லையோ அவையளுக்கு?

ஜெயபாலன்: அக்கா, நீங்க எல்லாம் படிச்ச மாதிரி...

இளையதம்பி: நான் சொன்னதுதான். சாப்பிடேக்க சொல்லுவன்.

சந்திரமதி: ஓம், சொன்னவர். கடைசிப் புத்தகத்தைப் பற்றியும் சொன்னவர். அந்தப் பாதிரியார் இந்தியாவைக் கண்ணாலயும் காணாதவர் தம்பி. கிழவனாப் போனாப் பிறகு இந்தியாச் சனத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினவர். அதுகள் நேற்று முளைச்ச சனமில்லை, மரியாதையா நடத்துங்கோ எண்டு தன்ர ஆக்களுக்குச் சொன்னவர். பேச்சில அதைச் சொன்ன பக்கத்தை உங்கட துரை நீலப் பென்சிலால குறுக்க அடிச்சுப்போட்டார்! சீதனத்தை வாசிக்க வாய் வந்தது, அதை வாசிக்க வாய் வரேல்லை.

ஜெயபாலன்: எப்படி வரும்? விடிஞ்சா ஆள் எண்ணுற பிரட்டுக் களத்துல நின்னு நம்ம சனத்த "கூலி நாயே"ன்னு கத்துற வாய்லா அது! எங்கப்பா இதே தோட்டத்துல ரப்பர் பால் வெட்டி, இதே வாய்கிட்ட ஏச்சு வாங்கித்தான் செத்தாரு.

சந்திரமதி: அதுதான் எனக்கு நெஞ்சு கொதிக்குது. சிரிச்சால் சிரிக்கட்டும். அந்தப் பக்கத்தை அடிச்சதுதான்...

ஜெயபாலன்: அப்ப மன்னிப்பும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. ஈப்போவுல இருக்குற பெரிய துரைக்கு நேரா எழுதுவோம். பென்சில்ல அடிச்ச தாளு நம்மகிட்டதானே இருக்கு? முன்னாடியே படிச்சுத் திருத்தினவரு, இப்பத் தெரியாதுன்னா எப்படி? நீங்க கையால எழுதினதையும் சேர்த்து அனுப்புவோம். எடுங்க அண்ணே.

இளையதம்பி: கையால எழுதினது... கிழிச்சுப்போட்டன்.

சந்திரமதி: கிழிக்கேல்லை. என்ர தையல் பெட்டியில கிடக்கு.

இளையதம்பி: சந்திரமதி!

சந்திரமதி: இந்தாரும் தம்பி. பதினெட்டுப் பக்கம். எண்ணத் தேவையில்லை, எனக்குத் தெரியும்.

இளையதம்பி: அதை இஞ்ச தாரும் ஜெயபாலன்... பேந்து பாப்பம்.

ஜெயபாலன்: இருங்க அண்ணே... உங்க எழுத்த ஆபீஸ்ல தினமும் பாக்குறேன். கோழி கிண்டின மாதிரி இருக்கும். இது முத்து முத்தா இருக்கே... யாரு எழுதினது?

இளையதம்பி: அது வந்து தம்பி... அது...

சந்திரமதி: நான். மூண்டு புத்தகமும் வாசிச்சது நான், சீதனப் பிழை விட்டதும் நான். அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை. துரை தன்ர பேரைச் சொல்லேல்லை எண்டு இவர் காலமை தொடக்கம் குதிக்கிறார்... டைப் அடிச்சுத் துரையிட்டக் குடுக்கேக்க, இவர் ஆரின்ர பேரைச் சொன்னவர் எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லும்.